ஆபரேஷன் இல்லாம கை நிமிந்த கதை

மதுரை சிம்மக்கல் பக்கம் கண்ணாடி வெட்டுற கடை வச்சிருக்கேன். ஒருநாள் ஷீட் நழுவி மணிக்கட்டுக்கு மேல உள்பக்கமா ஆழமா எறங்கிருச்சு, தசை வரைக்கும் கிழிஞ்சு, நல்லவேளை டெண்டனும் (தசைய எலும்போட கட்டுற நாரு) பெரிய ரத்தக்குழாயும் தப்பிச்சுச்சு, உள்ள ஒரு தையல் மேல ஒரு தையல்னு போட்டு மாவுக்கட்டும் வச்சு விட்டாங்க. காயம் நல்லாவே ஆறுச்சு. ஆனா கட்டப் பிரிச்சதும் பாத்தா முஷ்டி பிடிக்கும்போதெல்லாம் தழும்பு குழி விழுந்து உள்ள இழுக்குது, மணிக்கட்ட மேல தூக்குனா விரல் நாலும் தானா மடங்கிக்கிது.

தழும்பு உள்ள தசையோட ஒட்டிருச்சு, அத பிரிச்சு விட ஆபரேஷன் இருக்கு, ஆனா மொதல்ல சில மாசம் தெரபி பாருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுவும் நியாயந்தான், திரும்ப வெட்டுனா திரும்ப ஒரு தழும்பு வரும், அப்புறமும் இதே பயிற்சிதான் பண்ணணும்.

மொதல்ல போன எடத்துல மிஷின கைமேல வச்சுட்டு அவங்கபாட்டுக்கு போன் பாத்துக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் அசையல. அடுத்து போன பிசியோ அண்ணே என்ன பண்ணாருன்னா மணிக்கட்ட கீழ மடக்கி வச்சுக்கிட்டு விரல நீட்டுங்கன்னாரு, முழுசா நீட்டிருச்சு! "அப்ப விரல் மூட்டு நல்லாருக்கு தம்பி, தசை சுருங்கி தழும்போட ஒட்டிக்கிட்டு நிக்குது, பைய வழிக்குக் கொண்டாந்துரலாம்"னாரு. அந்த ஒரு டெஸ்ட்லயே எனக்கு பாதி பயம் போயிருச்சு.

மொதல்ல ஹாட் பேக், தழும்பச் சுத்தி உணர்ச்சி கம்மியா இருந்ததால துண்டு ரெண்டு மடிப்பு சுத்தித்தான் வைப்பாரு, இல்லேன்னா சுட்டாலும் தெரியாது. அப்புறம் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, நெறைய விட்டா வழுக்கும், தோலு நகராது. கட்டைவிரல தழும்பு மேல அழுத்தி குறுக்கால, நெடுக்கால, வட்டமா தோல நகட்டணும், மேல தடவுறது இல்ல. தையல் பிரிச்சு புண்ணு முழுசா மூடுன பெறகுதான் இத தொடணும். ஸ்டீல் பிளேடு மாதிரி ஒண்ண வச்சும் நீவுவாரு, செவந்து போகும். அது தழும்ப ஒடைக்கும்னு சில பேரு சொல்றாங்க, அப்படியெல்லாம் ஒடையாதுன்னு அவரே சொல்லிட்டாரு, தழும்பு மாறி முதிரவே ஒரு வருசத்துக்கு மேல கூட ஆகுமாம், அதுக்குள்ள தெனமும் லேசா இழுத்து விட்டுக்கிட்டே இருந்தா அது அந்தப் போக்குக்கு இளகி வரும்.

அதனால முக்கால்வாசி வேலை வீட்லயும் கடையிலயுந்தான். உள்ளங்கைய மேசையில ஊனி முழங்கைய நீட்டி அரை நிமிசம் நிக்கிறது, விரல கொக்கி மாதிரி மடக்கி, அப்புறம் முழு முஷ்டி, அப்புறம் நீட்டி, இத கல்லாவுல ஒக்காந்தே பண்ணலாம். ராத்திரிக்கு கைய நீட்டுனபடி புடிச்சு வைக்கிற ஸ்பிளின்ட். அது சுடுதண்ணியில போட்டு கை அளவுக்கு வளைக்கிற பிளாஸ்டிக், நம்மூரு சித்திரை வெயில்ல காருக்குள்ள விட்டுறாதீங்க, கோணிக்கும். தழும்பு மேல சிலிகான் ஷீட்டும் ஒட்டச் சொன்னாரு, நாள்ல பன்னெண்டு மணி நேரமாச்சும் இருக்கணும்னாரு, ஆனா மதுரை வேர்வைக்கு அரிப்பு எடுத்து தொலைக்கும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சு பைய கூட்டி, தெனமும் ஷீட்டையும் கையையும் சோப்பு போட்டு கழுவுனதும் சரியாச்சு.

நடுவுல எங்க மாமா, கட்டு போடுற வைத்தியர்கிட்ட போயி எண்ணெய் விட்டு ஒரே இழுப்பா இழுத்து விட்டா சரியாயிரும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. பிசியோ அண்ணே கேட்டதுமே வேணாம்னுட்டாரு. அதுலயும் முழங்கை அடிபட்டு இறுகுனவங்கள அப்படி வலுக்கட்டாயமா இழுத்து நீவுனா தசைக்குள்ளயே எலும்பு வளந்துரக்கூடும், அப்புறம் உள்ளதும் போச்சும்பாரு. பயிற்சி முடிஞ்சு கொஞ்ச நேரம் இழுவையா வலிக்கலாம், மறுநாள் வரைக்கும் வலியும் வீக்கமும் நின்னா நேத்து பண்ணது ஜாஸ்தின்னு அர்த்தம், கொறச்சுக்கணும்.

இப்ப மணிக்கட்டத் தூக்கிக்கிட்டே விரல நீட்ட முடியுது, தழும்பு தனியா நகருது, ஆபரேஷன் வேணாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு. காலையில எந்திரிச்சதும் கொஞ்சம் இறுக்கம் இருக்கு, வெண்ணி ஊத்துனா விட்டுரும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, இன்னொரு கையால மடக்குனா விரல் மடங்குது, தானா மடக்கச் சொன்னா மடங்கலைன்னா அது வேற கேசு, டெண்டன் அறுந்திருக்கலாம் இல்ல ஒட்டிருக்கலாம், வீட்ல நீவிக்கிட்டு இருக்காம கை சர்ஜன்கிட்ட காட்டிருங்க.