லைன் வரும்வரை

24.09.1997
போன் லைன் கேட்டு டெலிகொம் கந்தோருக்குப் போனேன். கேபிளில் சோடி, அதுதான் எங்கள் வீட்டுக்கு இழுக்க வயர், இல்லையாம். இன்றும் அதே பதில்.

29.09.1997
விண்ணப்பம் வீட்டுக்காரர் பெயரில் கிடக்கிறதாம், அவரே வந்து கையெழுத்து வைக்கட்டுமாம். அவர் லண்டனில். கொழும்பு வெள்ளவத்தையில் பாதி வீட்டுக்காரர்கள் லண்டனில்தானே! போன் உள்ள வீட்டுக்கு ஏன் அவ்வளவு வாடகை கேட்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறது.

03.10.1997
செலுலர் எடுங்கோ மாமி என்கிறார் மருமகன். வருகிற அழைப்புக்கும் நாங்கள்தான் காசு கட்டவேண்டும். டொரொன்டோவிலிருந்து மகள் கதைக்கத் தொடங்கினால் லேசில் வைப்பாளா? போன வருஷம் அனுமதி கிடைத்த கம்பனிகள் வயர் இல்லாமல், அன்டெனா பூட்டி லைன் தருகின்றன. விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்தேன்.

08.10.1997
மகள் மேல்மாடி வீட்டுப் போனுக்குத்தான் எடுக்கிறாள். அந்த அன்ரி நல்ல மனுசி. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைத்தாச்சி மகளிடம், அவர்களின் ஹோலில் நின்று, "இரத்தம் பட்டதா? டொக்டர் என்ன சொன்னவர்?" என்று எப்படிக் கேட்பது? அவருடைய மகன் டிவியின் சத்தத்தைக் குறைக்கிறான். அது இன்னும் மோசம். மகளும் "ஓம் அம்மா, சுகம் அம்மா" என்பதோடு நிறுத்துகிறாள். மேலே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்க நினைத்துப் போய், அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன். கால் வீக்கம் நல்லதில்லை.

15.10.1997
காலையில் கொழும்புக் கோட்டைப் பகுதியில் குண்டு. மூன்று நாளைக்கு முன் திறந்த உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில். டொரொன்டோவில் அப்போது இரவு ஒன்பது மணி, பிள்ளை செய்தி பார்த்திருப்பாள். மேலே எடுத்துப் பார்த்திருக்கிறாள், லைன் கிடைக்கவில்லை. மத்தியானம்தான் கதைத்தோம். அங்கே நடுச்சாமம் தாண்டிய நேரம். அழுதபடி இருந்தாள். இந்த நேரத்தில் அழலாமா? இங்கே தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவுக் கடதாசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

16.10.1997
கந்தோருக்குப் போகவில்லை. ரோட்டெல்லாம் செக்கிங்.

22.10.1997
கேபிள் சுருளோடு லொறி வந்தது! இறங்கி ஓடினேன். எதிர் ஒழுங்கைப் புது பிளட்டுக்காம். எங்கள் பக்கம் எப்போது என்று கேட்டேன். சிரித்தார்கள். நல்ல பொடியன்கள், தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன்.

25.10.1997
டொக்டர் சொன்ன திகதி திங்கள். மேல்மாடியில் எல்லோரும் நாளை கண்டிக்குப் போகிறார்களாம், செவ்வாய்தான் திரும்புவார்களாம். திறப்பைத் தந்துவிட்டுப் போங்கோ என்று கேட்கலாமா? நகை நட்டு இருக்கிற வீடு. காசு கட்டிக் கதைக்கிற கொமியூனிகேஷன் கடையைப் பொடியன் ஒன்பதுக்குத்தான் திறக்கிறான். இரவு அவர்கள் படுக்கமுன் ஒருக்கால் ஏறிப் பார்க்க வேண்டும்.