கையால் இயக்கினால் ஓடும், தானாகத் தொடங்காது

இணையப் பெயர்களுக்கு உரிய எண் முகவரிகளைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையைப் புதிய லினக்ஸ் சர்வருக்கு மாற்றும் வேலை. அந்தச் சேவையைத் தரும் 'பைண்ட்' நிரலின் அமைவுக் கோப்பை என் ஹோம் டைரக்டரியில் வைத்துத் திருத்தி, 'எம்வி' கட்டளையால் அமைவுக் கோப்புகளுக்கான 'ஈடிசி' டைரக்டரிக்கு நகர்த்தினேன். எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக நுழைந்து கையால் இயக்கினால் சேவை ஓடியது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகத் தொடங்கினால், கோப்பைத் திறக்க அனுமதியில்லை என்று விழுந்தது. உரிமையாளர், குழு, படிக்கும் உரிமை என்று நான்கு முறை சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

நிரலுக்கும் கோப்புக்கும் லேபிள் ஒட்டி, எது எதைத் தொடலாம் என்று விதிகளால் தீர்மானிக்கும் லினக்ஸின் காவல் ஏற்பாடு எஸ்இலினக்ஸ். சந்தேகம் அதன் மீது திரும்பியது. அது தடுப்பதை நிறுத்தும் 'செட்என்ஃபோர்ஸ் 0' கொடுத்தேன்; சேவை உடனே எழுந்தது. பலர் இந்த இடத்திலேயே வேலையை முடித்துக்கொள்வார்கள். நான் சற்று யோக்கியன் என்ற நினைப்பில், மீண்டும் 1 ஆக்கிவிட்டு, ஆடிட் பதிவில் இருந்த மறுப்பை மறுப்புகளை அனுமதி விதிகளாக மாற்றித் தரும் 'ஆடிட்2அலோ'வுக்கு ஊட்டினேன். அது தந்த விதியை 'டெம்ப்2' என்ற பெயரில் ஒரு மாட்யூலாக ஏற்றினேன். சேவை ஓடியது.

மூத்த சகா வந்து பார்த்தார். "அந்த விதியை வாய்விட்டுப் படியுங்கள்" என்றார்.

படித்தேன். 'யூசர்_ஹோம்_டி' லேபிள் உள்ள கோப்புகளை 'நேம்டு_டி' (பைண்ட் சேவைக்கான லேபிள்) படிக்கலாம். அதாவது, வெளியுலகின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு சேவைக்கு, பயனர்களின் வீட்டுக் கோப்புகளுக்கு எதிரே நின்ற ஒரு தடுப்பை நானே அகற்றியிருந்தேன்.

2003இல் லினக்ஸ் 2.6 உடன் அதன் மையமான கெர்னலில் சேர்ந்த எஸ்இலினக்ஸ், நீ ரூட்டா என்று கேட்பதில்லை. இயங்கும் நிரலின் லேபிள் என்ன, தொடப்படும் பொருளின் லேபிள் என்ன, இந்த இரண்டுக்கும் இடையே விதி உண்டா என்று மட்டுமே பார்க்கிறது. நான் கையால் இயக்கியபோது நிரல் என்னுடைய கட்டுப்பாடற்ற லேபிளிலேயே ஓடியது. சிஸ்டம்டி தொடங்கியபோது 'நேம்டு_டி'க்குள் அடைபட்டது. கோப்போ, மாற்றலாகி வந்த பிறகும் பழைய அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாத ஊழியரைப்போல, வீட்டு லேபிளோடு வந்திருந்தது. 'எம்வி' லேபிளைச் சுமந்து வரும். 'சிபி' கொண்டு புதிதாக நகலெடுத்திருந்தால், சேரும் டைரக்டரிக்கு ஏற்ற லேபிள் கிடைத்திருக்கும்.

இடத்துக்கு உரிய லேபிளைத் திரும்ப ஒட்டும் 'ரெஸ்டோர்கான்' ஒரே வரியில் சரிசெய்தது. மாட்யூலை நீக்கினேன். சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

அத்தோடு திருந்திவிடவில்லை. பதிவுகளை வேறொரு வட்டில் எழுத வைத்தபோது 'சிஎச்கான்' கொண்டு லேபிளை ஒட்டினேன். பின்னொரு நாள் யாரோ முழு சர்வருக்கும் லேபிள்களைப் புதுப்பித்தார்கள், ஒட்டியது உதிர்ந்தது. அதன் பிறகே 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' மூலம் அந்தப் பாதையைக் கொள்கையிலேயே பதிவுசெய்தேன். புதிய சேவை என்றால் இப்போது அதன் டொமைனை (அது ஓடும் லேபிளை) மட்டும் பெர்மிசிவ், அதாவது தடுக்காத நிலைக்கு, ஆக்குகிறேன். மறுப்புகள் பதிவாகும், வேலை நிற்காது, மற்ற சேவைகள் காவலிலேயே இருக்கும்.

அண்மையில் இன்னொரு சர்வரில் ஏற்றிய மாட்யூல்களைக் காட்டும் 'செமாட்யூல்' பட்டியலைப் பார்த்தேன். அங்கேயும் 'டெம்ப்2' இருந்தது. நான்தான் ஏற்றியிருக்க வேண்டும். நீக்கினேன், சேவையை மறுபடி தொடங்கினேன். எந்த மறுப்பும் வரவில்லை.