பெருங்குஞ்சும் சிறுகுஞ்சும் ஒரே கழியில்

நேற்று இரவு ஏழு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது, 9 வாரக் குஞ்சுகள் பதினொன்றும் 5 வாரக் குஞ்சுகள் ஒன்பதும் ஒரே கழியில் இறகோடு இறகு ஒட்டி அடைந்திருந்தன. இந்தக் காட்சியைக் காண்பதற்குள் மூன்று முறை தோற்றிருக்கிறேன். "கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா? நீதான் கம்பியைக் கட்டிப் பிரித்து வைத்திருக்கிறாய்" என்று பக்கத்து வீட்டு அத்தை கேலி செய்வார். பழமொழி தாய்க்கோழியைப் பற்றியது, அத்தை; முந்தைய ஈட்டில், அதாவது முன்பே பொரித்த தொகுதியில் வந்த, குஞ்சுகளைப் பற்றியதன்று.

இரவில் தூங்கும்போது புதியவற்றைப் பழையவற்றின் கூட்டுக்குள் விட்டுவிட்டால் விடிந்ததும் வேற்றுமை தெரியாது என்பார்கள். வளர்ந்த கோழிகளுக்கு அது ஓரளவு பொருந்துகிறது. சென்ற ஆண்டு நான் குஞ்சுகளிடம் அதைச் செய்துபார்த்தேன். காலையில் ஒரு குஞ்சின் பின்மண்டைத் தோல் உரிந்திருந்தது. சிவப்பைக் கண்டுவிட்டால் கொத்தாத குஞ்சும் கொத்த வரும். அதில் தப்பியவற்றுள் நான்கு, அடுத்த பத்து நாட்களுக்குள் ரத்தக்கழிச்சலில் போயின. பெரிய குஞ்சுகள் அந்நோயைத் தாங்கி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடுகின்றன. ஆனால் அவற்றின் எச்சத்தில் கிருமியின் முட்டைகள் தொடர்ந்து வெளியேறுகின்றன. கூட்டுத் தரையில் பரப்பிய உமிப் படுக்கை ஈரமாக இருந்தால் ஓரிரு நாட்களிலேயே அவை நோய் பரப்பும் நிலைக்கு முதிர்ந்துவிடுகின்றன. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோத்தகிரியில், ஐப்பசி மூடுபனியில் படுக்கை காய்வது எப்போது?

ஆகவே இம்முறை சண்டையையும் ஈரத்தையும் தனித்தனியே கவனித்தேன். கூட்டை வலையால் இரண்டாகப் பிரித்து, இரு வாரங்கள் ஒன்றையொன்று பார்க்கட்டும் என்று விட்டேன். இதை எல்லோரும் செய்வார்கள். என் பொழுதையெல்லாம் தின்றது அடுத்த படி, அதாவது வலையின் அடியில் வைக்கும் நுழைவழி. சிறியவை தாராளமாக வந்து போக வேண்டும். துரத்தி வரும் பெரியவை அங்கேயே நின்றுவிட வேண்டும். முதலில் 6.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மூங்கில் குச்சிகளை நட்டேன். அப்போது பெரியவற்றுக்கு வயது ஏழு வாரம். பார்ப்பதற்கு உருண்டு திரண்டு இருந்ததால் நுழையாது என்று நம்பினேன். நம்பியது இறகை என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு பெட்டை கழுத்தை நீட்டி, தலையை விட்டு, உடலைச் சற்றே ஒருக்களித்து, இறகெல்லாம் படிந்து ஒட்டிக்கொள்ள, வாழைப்பூ மடலிலிருந்து பூவை உருவியதுபோல் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்று உதறிக்கொண்டது. அன்று மாலையே ஒவ்வொன்றாகப் பிடித்து, மார்பெலும்புக்கு மேல் அகலம் எவ்வளவு என்று அழுத்தி அளந்தேன். 5.5 சென்டிமீட்டரில் பெரியவை நின்றன. சிறியவை ஓடிவந்த வேகத்திலேயே நுழைந்தன. ஒரு வழி போதாது என்பதும் தெரிந்தது. ஒரே வழி இருந்தால் கட்டைச் சேவற்குஞ்சு ஒன்று அதன் வாயிலிலேயே காவல் நிற்கிறது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு வைத்தபின் அதன் காவல் உத்தியோகம் போயிற்று.

ஈரத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து உமி ஏற்றிவருவதை நிறுத்திவிட்டு, மரஅறுவைப் பட்டறையில் கிடைக்கும் சில்வர் ஓக் சீவலை மாற்றினேன்; ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்லை. தண்ணீர்க் குவளையை மட்டும் கம்பிவலைச் சட்டத்தின்மேல் வைத்தேன். சிந்துவது வலைக்கு அடியில் விழுகிறது, குஞ்சின் காலில் படுவதில்லை. தீவனத்தில் இரண்டு தரப்புக்கும் குஞ்சுத் தீவனமே. கூடவே திரியும் முட்டைக்கோழிகள் இரண்டுக்கும் அதுதான். அவற்றுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் உயரத்தில் கட்டியிருக்கிறேன். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகள் தின்றால் அதிலுள்ள மிகையான சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஒரு புலம்பல். குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடருக்கான பழைய 60 வாட் குண்டு பல்பைக் கேட்டால் கடைக்காரர்கள் எல்.இ.டி.யை நீட்டுகிறார்கள். வெளிச்சத்தையா நான் கேட்டேன்? எனக்கு வேண்டியது சூடு. தடுப்பூசிக் குப்பியும் நூறு குஞ்சுகளுக்கு ஒன்றாகத்தான் கிடைக்கிறது. ஒன்பது குஞ்சுகளுக்குச் சொட்டுவிட்டு மீதியைக் கொட்டும்போது மனம் கேட்பதில்லை. கோடை பிறந்ததும் கினிக்கோழி முட்டைகளை அவயம் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். 26 முதல் 28 நாட்கள் ஆகும் என்பதால், இடையில் எழுந்து போகாத அடைக்கோழி வேண்டும்.

அதற்குமுன் பஞ்சாரத்துக்குள் தாயோடு இருக்கும் மூன்றாவது ஈட்டுக் குஞ்சுகள் ஏழையும் சேர்க்க வேண்டும். அவற்றுக்கு இரண்டு வாரமே ஆகிறது. 4 சென்டிமீட்டர் இடைவெளிக்கு இன்று காலை மூங்கிலைச் சீவிக் கட்டினேன். கத்தியைக் கீழே வைப்பதற்குள் அந்தக் காவல் சேவற்குஞ்சு வந்து, இரண்டு குச்சிகளுக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.