நூறு பாதாமும் இரண்டு இட்லியும்

மதுரையில் பதினோரு வருடமாக உணவியல் நிபுணராக இருக்கிறேன். கல்லூரி நாட்களில் எனக்கு உணவுக் கோளாறு இருந்தது. பட்டினி கிடப்பேன், அப்புறம் யாருக்கும் தெரியாமல் அள்ளி அள்ளிச் சாப்பிடுவேன். அது ஓய்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தபோதுதான், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கும் பேலியோ உணவுமுறையில் இறங்கினேன்.

காலையில் நெய்யில் வறுத்த நூறு பாதாம், மதியம் காலிஃபிளவர் சோறு, இரவு முட்டை. நாளுக்கு 40 கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகாது. முதல் வாரமே எடை இறங்கியது. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று எனக்கே தெரியும். உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன், கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீர்ந்தால் தண்ணீரும் போய்விடும். தெரிந்தும் மனசு துள்ளியது.

வெறுமனே சாப்பாட்டைத் தவிர்த்தால் அம்மா சண்டைக்கு வருவார். பேலியோ என்றதும் வீடே பாராட்டியது. பழைய நோய்தான், பெயர் மாறி வந்திருந்தது. எனக்கு அது புரிய நான்கு மாதம் ஆனது. ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு, விளக்குகூடப் போடாமல், குக்கரில் மிச்சமிருந்த ஆறிப்போன சோற்றைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தேன். குழம்பில்லை, உப்பில்லை. நிறுத்த முடியவில்லை. மறுநாள் அதற்குத் தண்டனையாகக் காலைச் சாப்பாட்டை விட்டேன். அன்று இரவும் அதே குக்கர்.

மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர் என்னைவிட மூத்த உணவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார். அந்த நிபுணரிடம் நான் இன்சுலின் பற்றியும், மாவுச்சத்துக்கு அடிமையாகிவிட்டது பற்றியும் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மினசோட்டா ஆய்வை நினைவுபடுத்தினார். 1944-45இல் நடந்த அந்த ஆய்வில், அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ், 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பே கதியானது. சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, வயிறு நிறைந்தும் சிலரால் நிறுத்த முடியவில்லை. "அவங்க தட்டுல உருளைக்கிழங்கும் ரொட்டியும்தாம்மா இருந்துச்சு" என்றார். மாவுச்சத்து தினமும் கிடைத்தும் அவர்களுக்கு அப்படி ஆனதென்றால், காரணம் பட்டினிதான். நான் அதற்குமேல் வாதாடவில்லை.

கிராம் கணக்கு எழுதுவதை நிறுத்தச் சொன்னார். எடை மெஷின் அவர் அறைக்குப் போனது. முள்ளுக்கு முதுகைக் காட்டித்தான் ஏறுவேன். மூன்று வேளை சாப்பாடு, இடையில் சின்னதாக ஏதாவது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது.

"இட்லின்னா எவ்வளவு பயம்? பத்துக்கு மார்க் போடு."

"எட்டு."

அடுத்த முறை போனபோது இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்திருந்தார். முதல் விள்ளலைச் சட்னியில் தொட்டுவிட்டு, வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அப்படியே வைத்திருந்தேன். விரலில் சட்னி காய்ந்தது. அவர் தன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசினார். முடிக்க அரை மணி நேரமாயிற்று. தண்ணீர் திரும்பியதால் வயிறு உப்பி, இரண்டு வாரம் அழுகையாக வந்தது. அதுதான் கடினமான கட்டம். சோற்றுக்கான பயம் மூன்றுக்கு இறங்க எட்டு மாதம் ஆனது.

இன்றும் சில சர்க்கரை நோயாளிகளுக்கு நான் மாவுச்சத்தைக் குறைத்து எழுதுகிறேன். அவர்களுக்கு அது உதவுகிறது. ஆனால் பேனாவை எடுக்கும் முன், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்கிறேன். "எப்பவாவது ராத்திரி ஒளிஞ்சு சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்கிறேன். சிலர் உடனே தலையாட்டி மறுக்கிறார்கள். சிலர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களிடம் பட்டியலைக் கொடுப்பதில்லை. காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறோம்.