40 டாலர் அபராதமும் 1,000 டாலர் அபராதமும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், சாலைப் பணி நடக்கும் இடங்களில் வரம்பை மீறி வேகமாகச் செல்வோர் கட்ட வேண்டிய அபராதம், 2025 ஜனவரி 1 முதல் வேகத்துக்கு ஏற்ப ஏறும்படி மாற்றப்பட்டிருக்கிறது. அதற்கு முன் பல ஆண்டுகளாக, கேமராவில் சிக்கியவர் வரம்பைவிட மணிக்கு 12 மைல் கூடுதலாகச் சென்றிருந்தாலும் 60 மைல் கூடுதலாகச் சென்றிருந்தாலும் கட்ட வேண்டிய தொகை ஒன்றுதான்: 40 டாலர். தபாலில் வரும் அந்தச் சீட்டைச் சுங்கக் கட்டணம் போலக் கட்டிவிட்டு மறந்துபோவது யாருக்கும் எளிது.

இந்த மாற்றத்துக்குக் காரணம், 2023 மார்ச் 22 அன்று, பால்டிமோர் நகரைச் சுற்றிச் செல்லும் 695ஆம் எண் நெடுஞ்சாலையில் பட்டப்பகலில் நடந்த விபத்து. 55 மைல் வரம்புள்ள அந்தச் சாலையில் மணிக்கு 121 மைல், அதாவது ஏறத்தாழ 195 கிலோமீட்டர் வேகத்தில் வந்த அக்யூரா கார் ஒன்று, தடம் மாறும்போது, தன்னைப் போலவே விரைந்து வந்த இன்னொரு காரின் மீது மோதிக் கட்டுப்பாட்டை இழந்தது. பணி வாகனங்கள் வந்துபோவதற்காகக் கான்கிரீட் தடுப்புகளுக்கு இடையே விடப்பட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்து, அங்கே வேலையில் இருந்த ஆறு பேரைக் கொன்றது. அன்றிருந்த சட்டப்படி, அந்த வேகத்துக்குக் கேமரா விதித்திருக்கக்கூடிய அபராதமும் அதே 40 டாலர்தான்.

ஹைதராபாத்தில் பிறந்தவரும், அரசியலுக்கு வருமுன் போக்குவரத்துப் பொறியாளராகப் பணியாற்றியவருமான துணை ஆளுநர் அருணா மில்லரின் தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்தது. 2024இல் புதிய சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூனில் அபராதம் 80 டாலராக உயர்ந்து, பின்னர் படிநிலை முறைக்கு மாறியது. 55 மைல் வரம்புள்ள சாலையில் 67 முதல் 70 மைல் வரை சென்றால் 60 டாலர். 75ஐத் தொட்டால் 140. 85ஐத் தொட்டால் 270. 95 மைலும் அதற்கு மேலும் என்றால் 500. தொழிலாளர்கள் இருக்கும் நேரமானால் ஒவ்வொன்றும் இரு மடங்கு. ஆகவே உச்சத் தொகை 1,000 டாலர்.

ஆளில்லாத நேரத்தில் எதற்கு அபராதம் என்று கேட்பவர்கள் உண்டு. பணியிடத்தில் தடம் குறுகியிருக்கும். ஓரம் ஒதுங்க இடமிருக்காது. கண்ணாடியை ஒட்டினாற்போல் கான்கிரீட் சுவர் ஓடும். போதாததற்கு, வளைவைத் தாண்டியதும் வாகன வரிசை நின்றுகொண்டிருக்கும். நாடு முழுவதும் இத்தகைய இடங்களில் இறப்பவர்களில் பெரும்பாலோர் வாகனங்களில் செல்வோரே என்பதால், இரு மடங்கு விதியைக் காட்டிலும் அடிப்படை அபராதமே அவசியமானது என்பது என் கருத்து.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. கேமரா அனுப்பும் சீட்டு வண்டியின் உரிமையாளருக்குப் போகிறது. ஓட்டுநர் உரிமத்தில் விதிமீறலுக்கான தண்டனைப் புள்ளி எதுவும் ஏறுவதில்லை. 67 மைலில் போகிறவரை நிதானப்படுத்த அது போதும். 121 மைலில் வருகிறவரை நிறுத்தக் காவலர் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். தடுப்பில் இடைவெளி விடும் இடத்தில், மோதலைத் தாங்கும் கனரக லாரி ஒன்றும் குறுக்கே நிற்க வேண்டும். இவற்றுக்கான செலவைப் பணி ஒப்பந்தத்திலேயே சேர்ப்பதுதான் முறை.