தட்டான் இன்னும் கையில் உட்காரவில்லை

கையில் குத்தப்போகும் டாட்டூவுக்காக எடுத்த மூன்றாவது அச்சும் தோல்வி. கிட்டே வைத்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது. முன்கையில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளிப் படமெடுத்துப் பார்த்தால் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கறை. ஒரு தட்டான், 6 செ.மீ. அகலம், கறுப்புக் கோடு மட்டும். நான் கேட்டது அவ்வளவுதான். நாலு மாதம் ஓடிவிட்டது.

முதல் மாதம் முழுக்கப் பின்டரெஸ்ட்டில் போனது. 140 படம் சேர்த்தேன், அத்தனையும் குத்திய அன்றே எடுத்தவை. சுற்றிலும் தோல் சிவந்து, கோடு பளபளவென்று இருக்கும். தேடும்போது ‘ஹீல்டு’ (புண் ஆறியது) என்ற சொல்லைச் சேர்த்ததும் காட்சியே மாறிப்போனது. அதிலும் இரண்டு மாதம் ஆறியதை நம்பிப் புண்ணியமில்லை. ஐந்து வருடம் ஆனதைத் தேடிப்பிடித்துப் பார்த்தேன். மயிரிழைக் கோடுகள் தடித்திருந்தன, நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. 140 படத்தில் 9 மிஞ்சியது.

அந்த ஒன்பதில் மனதுக்குப் பிடித்த ஒன்றை, படத்தை வைத்தே அதன் மூலத்தைத் தேடித்தரும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் போட்டுத் தேடினேன். ஒரு ஆர்டிஸ்ட் தன் வாடிக்கையாளர் ஒருவருக்கென்றே வரைந்தது என்று தெரிந்தது. விட்டுவிட்டேன். இன்னொருவர் கையில் இருப்பதை அப்படியே தூக்கி என் கையில் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. செயற்கை நுண்ணறிவிடமும் கேட்டுப் பார்த்தேன். நாலு இறக்கை சரியாக வந்தது, கால்கள் மட்டும் வாலிலிருந்து முளைத்திருந்தன. நிஜத் தட்டானுக்கு ஆறு காலும் நாலு இறக்கையும் மார்புப் பகுதியில்தான். ‘டாட்டூவுக்குத் தயார்’ என்று ஒரு தளம் விற்ற கோப்பையும் காசு கொடுத்து வாங்கினேன். பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டு விளிம்பெல்லாம் கஞ்சி. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி விற்றிருக்கிறார்கள்.

கடைசியில் கைகொடுத்தது பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகம். பதிப்புரிமை முடிந்த பழைய பூச்சிப் புத்தகங்களின் ஓவியங்கள் அங்கே ஸ்கேன் செய்து குவிந்து கிடக்கின்றன. ஆனால் அவை அறிவியலுக்காக வரைந்தவை. இறக்கையில் ஒரு நரம்பைக்கூட விடாமல், வலை பின்னியதுபோல் போட்டிருப்பார்கள். 6 செ.மீ.க்குச் சுருக்கினால் கொசுவலைதான்.

எதை வெட்டுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். இப்போது செய்கிற சோதனை இது: 0.3 மி.மீ. பேனாவால் ட்ரேசிங் தாளில் ஒரு தடவை வரைகிறேன். அதே கோட்டின்மேல் 0.8 பேனாவால் இன்னொரு தடவை. முதலாவது இன்றைய கை, இரண்டாவது பத்து வருடம் கழித்த கை என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கு என்னுடையது, சட்டமில்லை. 0.8 பேனா போனதும் எந்த இடைவெளி மூடிக்கொள்கிறதோ, அந்த நரம்பு அவுட். முதல் சுற்றில் முக்கால்வாசி நரம்பு போனது. மிச்சமானது முன்விளிம்பு, அதன் நடுவில் இருக்கும் முடிச்சு, நுனிப்பக்கக் கரும்பொட்டு, ஐந்து முதன்மை நரம்பு. அந்தக் கரும்பொட்டை எடுத்தால் தட்டான் ஏனோ ஈசல்போல ஆகிவிடுகிறது. ஆகவே பொட்டு இருக்கும்.

இதில் ஒரு வெட்கக்கேடு. முதல் இரண்டு அச்சும் தோற்றதற்குப் பாதிக் காரணம் பிரிண்டர். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பது டிக் ஆகியே இருந்திருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தால் 5.6 செ.மீ.! 100 சதவீதம் என்று மாற்றிவிட்டு, அளந்து பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் 6 செ.மீ.க்கு 709 பிக்சல் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரேசிங் தாளோடு மல்லுக்கட்டும்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: 1891-ல் சாமுவேல் ஓ'ரெய்லி காப்புரிமை வாங்கிய டாட்டூ இயந்திரத்துக்கு முன்னோடி எடிசனின் மின்பேனா. காகிதத்தில் ஓட்டை போட்டு ஸ்டென்சில் எடுப்பதற்கென்றே பிறந்த கருவி. நானும் இங்கே காகிதத்தோடுதான் கிடக்கிறேன், தோல் பக்கம் போனபாடில்லை.

இடமும் முடிவாகவில்லை. அச்சை ஒட்டிக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பினால், நேராக நின்ற உடல் வாழைப்பழம் மாதிரி வளைகிறது. முழங்கைப் பக்கம் நகர்த்தினால் வளைவு குறைகிறது, ஆனால் இறக்கை நுனி பக்கவாட்டில் மடிந்து மறைகிறது. அகலத்தை 5 ஆக்கலாமா என்றால் மறுபடி நரம்பு வெட்டும் வேலை.

நாலாவது வடிவத்தைத் தற்காலிக டாட்டூத் தாளில் அச்செடுக்கப் போகிறேன் (கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட வேண்டும், மறந்தால் பொட்டு இடம் மாறும் அளவுக்கு என் தட்டான் இப்போது கோணலாக இருக்கிறது). அது தேறினால், தானாக மங்கிப்போகும் ஜாகுவா பழ மையில் வரைந்து ஒன்றிரண்டு வாரம் கையோடு நடமாட உத்தேசம். ‘கறுப்பு மருதாணி’ பக்கம் மட்டும் போக மாட்டேன், அதில் கலக்கும் பிபிடி என்ற முடிச்சாய ரசாயனம் பலருக்குத் தோலைக் கொப்புளிக்க வைத்திருக்கிறது.

இதற்கிடையில் அதே நூலகத்தில் ஒரு வண்டு கண்ணில் பட்டுத் தொலைத்திருக்கிறது. முதுகு வழவழ, நரம்பே இல்லை. தட்டான் முடியட்டும்.