பிள்ளை ஒரு நாள் படிக்கும்

சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். எங்கள் வழக்கறிஞர் குடும்ப வழக்குகளை மட்டுமே எடுப்பார். ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். எங்களிடம் வருகிறவர்களில் தமிழர்கள் அதிகம். தமிழ் முஸ்லிம்களின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்கு உரியது என்பதால், அவர்களை அங்கே வாதாடும் வழக்கறிஞர்களிடம் அனுப்பிவிடுவோம்.

பிரமாண வாக்குமூலங்களின் முதல் வரைவை எழுதுவது என் வேலை. அதை வழக்கறிஞர் சிவப்புப் பேனாவோடு படிப்பார். அவர் அடிப்பதில் பெரும்பகுதி சட்டப்பிழை அல்ல. “இந்தப் பத்தி வழக்குக்குத் தேவையா? தேவையில்லை என்றால் எடுத்துவிடு. அந்தப் பிள்ளை இருபது வயதில் இந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும்” என்பார். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் நீதிபதி, எதிர்த்தரப்பு, பிள்ளை என்று மூன்று வாசகர்கள் உண்டு என்பது அவருடைய கணக்கு. மூன்றாவது வாசகருக்காகத்தான் பேனா அதிகம் ஓடும்.

இங்குள்ள குடும்பச் சட்டமான மாதர் சாசனத்தின்படி மணவாழ்க்கை மீட்க முடியாத அளவுக்கு முறிந்துவிட்டது என்று நிரூபித்தால்தான் மணவிலக்கு கிடைக்கும். பல்லாண்டுகளாக அதை நிரூபிக்க இருந்த வழிகள் இரண்டே வகை. ஒன்று, தகாத உறவு, சகிக்க முடியாத நடத்தை, கைவிட்டுப் போதல் என்று ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சுமத்துவது. மற்றொன்று, பிரிந்து வாழ்ந்து காத்திருப்பது: இருவரும் ஒப்பினால் மூன்று ஆண்டு, ஒருவர் மறுத்தால் நான்கு ஆண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றுதான், வாடகைக்கு வேறிடம் போக வசதியில்லை என்ற நிலையில் மூன்று ஆண்டு பிரிந்து இருப்பது எத்தனை பேருக்கு முடியும்? அதனால் பலர் சண்டையே இல்லாத இடத்திலும் நடத்தையைக் குற்றம் சொல்லும் வழியில் போனார்கள். எந்தத் தேதியில் எந்த வசவு, எந்த மாமியார் என்ன சொன்னார், யார் யாருடைய கைப்பேசியைப் பிடுங்கினார் என்று பட்டியல் நீளும். எழுதிக் கொடுத்த என் கைக்கே கசக்கும்.

2024 ஜூலை 1 முதல் மனமொத்த மணவிலக்குக்கு வழி பிறந்திருக்கிறது. ஏன் இந்த முடிவுக்கு வந்தார்கள், சேர்ந்து வாழ என்னென்ன முயற்சி செய்தார்கள், பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்று இருவரும் சேர்ந்து எழுதித் தர வேண்டும். இன்னும் ஒன்றுசேர வாய்ப்பிருக்கிறது என்று நீதிமன்றம் நினைத்தால் மறுத்துவிடும். இதனால் மணவிலக்கு எளிதாகிவிட்டது, குடும்பங்கள் குலைந்துவிடும் என்று பெரியவர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: முறிந்துபோன மணத்தை அந்தப் பழைய பட்டியல்கள் ஒட்டவைத்து நான் பார்க்கவில்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்குக்கூட இருவரும் ஒரு கூரையின்கீழ் நிற்க முடியாதபடிதான் செய்தன.

அடிபட்டவர், மிரட்டப்பட்டவர் கதை வேறு. அங்கே நடந்ததை நடந்தபடி, தேதியோடு, மருத்துவச் சான்றோடு எழுத வேண்டும். அந்தப் பத்திகளில் எங்கள் வழக்கறிஞர் ஒரு சொல்லைக்கூட மென்மையாக்க மாட்டார்.

ஆங்கிலம் தெரியாதவர்களின் வாக்குமூலத்தை, உறுதிமொழி ஆணையர் முன்னிலையில் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க முடியும். அந்த வாசிப்பைப் பலமுறை நான் செய்திருக்கிறேன். கோபத்தில் சொல்லும்போது நியாயமாக இருந்த சொல், நிதானமான குரலில் இன்னொருவர் வாசிக்கக் கேட்கும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒருமுறை ஓர் அம்மா, கணவரின் குடியைப் பற்றிய பத்தி வந்ததும் கையை நீட்டித் தாளை மூடினார். “உண்மைதான்மா. ஆனால் என் மகன் அப்பா மேல் உயிரையே வைத்திருக்கிறான். இது இல்லாமல் முடியாதா?” என்று கேட்டார். முடிந்தது. அந்த வழக்கில் மிச்சமிருந்த காரணங்களே போதுமாக இருந்தன. திருத்தி எழுதி, மறுபடி வாசித்து, கையெழுத்து வாங்கினோம்.

பிள்ளையை எப்போது யார் பார்ப்பது என்ற பேச்சு வரும்போது நம் வீடுகளின் சங்கதிகள் எழுந்து நிற்கும். பொது விடுமுறை நாள்களை இருவரும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்வது என்று வழக்கமாக ஒரு வரி உண்டு. தீபாவளி அதில் அடங்கிவிடும். அதிலும் விடிகாலை எண்ணெய்க் குளியல் அம்மா வீட்டில், மதியச் சாப்பாடு அப்பாவைப் பெற்றவர்கள் வீட்டில் என்று நேரம் பிரித்து எழுதியிருக்கிறோம். தைப்பூசமோ 1968 முதல் பொது விடுமுறை இல்லை, பொங்கலும் இல்லை. ஆண்டுதோறும் காவடி எடுக்கும் ஒருவர், மகன் தன்னோடு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்து வர வேண்டும் என்றார். வார நாளில் வந்தால் பள்ளி கெடும் என்றார் தாய். வீட்டையும் மத்திய சேமநிதியையும் பிரிப்பதற்கு ஒரே சந்திப்பில் இசைந்தவர்கள், இந்த ஒரு நாளில் முட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில், பள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தைப்பூசத்தன்று பிள்ளை தந்தையோடு, பொங்கலன்று தாயோடு என்று எழுதிக்கொண்டோம். இந்து வீடுகளின் பிள்ளை ஏற்பாட்டில் இப்போது இந்த இரண்டு நாள்களையும் நாங்களாகவே கேட்டுவிடுகிறோம்.

மணவிலக்குக் கோப்பு மூடியதோடு முடிந்துவிடுவதில்லை என்பதைத் தத்தெடுப்பு வேலை எனக்குக் காட்டியது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். வெளியிடப்படும் குடும்பத் தீர்ப்புகளில்கூட மனிதர்களுக்குப் பெயரில்லை, மூன்று எழுத்துகள்தான்.) மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண், தன் மகளைப் புதுக் கணவர் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும் என்று வந்தார். நல்ல மனிதர், அந்தப் பெண்பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுவதுகூட அவர்தான். ஆனால் பெற்ற தந்தையின் சம்மதம் வேண்டும். தத்தெடுப்பு ஆணை வந்துவிட்டால் பெற்றவருடைய உரிமையும் கடமையும் அற்றுப்போகும். விதிவிலக்கான சூழல்களில் சம்மதம் இல்லாமலும் நீதிமன்றம் ஆணை தரலாம், ஆனால் இந்தத் தந்தை தவறாமல் பணம் கட்டி, மகளைப் பார்த்து வருபவர்.

அந்தத் தந்தை அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். வேறோர் அலுவலகத்தில் தயாரான பழைய மணவிலக்குக் கோப்பின் ஒரு பக்கம். அவர் தந்தை என்று சொல்லத் தகுதியற்றவர் என்று அதில் ஒரு வரி இருந்தது. மடித்து மடித்து அந்த வரியின் மேலேயே தாள் கிழிந்திருந்தது. “இதற்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமா?” என்றார். எங்கள் வழக்கறிஞர் அவரை வற்புறுத்தவில்லை. வேண்டுமானால் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள் என்று மரியாதையோடு அனுப்பிவைத்தார். பிறகு தம்பதியிடம், தாய் தன் உயிலில் இந்தக் கணவரை மகளின் பாதுகாவலராக நியமிக்கலாம், அன்புக்கு அதற்கு மேல் ஆணை தேவையில்லை என்றார். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். மகளுக்கு இரண்டு தந்தையரும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, தாளே இல்லாமல் தவித்தவரையும் பார்த்தேன். போர்க்காலத்திலும் அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் வறுமையால் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளை இந்திய, மலாய்க் குடும்பங்களுக்குக் கொடுத்தது இந்த ஊரில் பலருக்குத் தெரிந்த கதை. அப்படி ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த மூதாட்டி, சேலையும் குங்குமமுமாக, தன் தம்பிகள் இருவரோடு வந்தார். வளர்த்த தாய் உயில் எழுதாமல் காலமாகியிருந்தார். 1967ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பெற்ற பிள்ளையையும், நீதிமன்ற ஆணைப்படி தத்தெடுத்த பிள்ளையையும் அறியும். இவருக்கு ஆணை எதுவும் இல்லை. பல்லாண்டு அக்காவாக வாழ்ந்தவருக்குச் சட்டத்தில் பங்கு இல்லை என்று வழக்கறிஞர் எடுத்துச் சொன்னபோது, மூத்த தம்பி குறுக்கிட்டார். “அதற்காகத்தான் நாங்கள் கூட வந்திருக்கிறோம். எங்கள் பங்கிலிருந்து அக்காவுக்குச் சமமாக எழுதுங்கள்.”

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “பங்கு கிடக்கட்டும்மா. என்னை எந்தத் தெருவில் வாங்கினார்கள், பெற்றவள் பெயர் என்ன என்று எங்காவது எழுதி வைத்திருப்பார்களா?” என்று கேட்டார். தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

இப்போது சட்டம் தெளிவாக இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2022இல் நிறைவேறிய புதிய தத்தெடுப்புச் சட்டம் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்திருக்கிறது. ஊரில் தங்கை பிள்ளையைத் தாம்பூலம் மாற்றி வாங்கிக்கொண்டோம் என்று வருபவர்களிடம், அது இங்கே செல்லாது, ஆணை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆணைக்குப் பிறகு வளர்ப்புப் பெற்றோர் பெயரோடு புதிய பிறப்புச் சான்றிதழ் வரும். அது வந்ததும் பழைய தாள்களைக் கிழித்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைக்குத் தெரியாமலே இருந்துவிட்டால் நல்லது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தோடு எங்கள் வழக்கறிஞர் பொறுமையாக மல்லுக்கட்டுவார். எல்லாத் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை எப்படி உங்களிடம் வந்தது என்பதை உங்கள் கைப்பட எழுதி அதோடு சேர்த்து வையுங்கள் என்பார். நீதிமன்றம் கேட்காத தாள் அது.

சிலர் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள். அண்மையில் ஒரு லாரி ஓட்டுநர், பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பல பக்கங்கள் எழுதிக்கொண்டு வந்து, பிழை திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். மருத்துவமனையின் பெயர், அன்று பெய்த மழை, குழந்தையை முதலில் வாங்கியது தானா மனைவியா என்று வீட்டில் இன்னும் தீராத சண்டை, எல்லாம் இருந்தன. பெற்ற தாயைப் பற்றி, “அவர் உன்னை முத்தமிட்டுவிட்டுத்தான் கொடுத்தார்” என்று எழுதியிருந்தார். ஊர்ப்பெயர்களையும் தேதிகளையும் மட்டும் சரிபார்த்தேன். மற்றதை அவர் எழுதியபடியே விட்டுவிடச் சொன்னார் வழக்கறிஞர். அன்று சிவப்புப் பேனாவை அவர் திறக்கவே இல்லை.